நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் அபராதம்

முதலாண்டு நுண்கணிதப் (கால்குலஸ்) பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்தின் விதித்தாளை எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம். ஆறு வருடமாக இந்தப் பாடத்தின் விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். சந்தேகம் கேட்க வரும் மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். விதிகளை எழுதுவது நீங்கள், அவற்றை மார்க்காக மாற்றுவது நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் கொடுக்கப்படும் விதித்தாள் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கமும் என்ன செய்தால் எவ்வளவு மார்க் போகும் என்பதுதான். அசைன்மென்ட் ஒரு நாள் தாமதமானால் இவ்வளவு, வருகைப்பதிவு குறைந்தால் இவ்வளவு, தேர்வு அறையில் போன் ஒலித்தால் இவ்வளவு. இதெல்லாம் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘எதிர்பார்ப்புகள்’ என்ற தலைப்பின் கீழே இருப்பது ஒரே வரி: பள்ளிக் கணிதத்தில் போதிய தேர்ச்சி இருக்க வேண்டும். போதிய என்றால் எவ்வளவு? இந்தப் பாடத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் இடறி விழுவது அந்த ஒரு வார்த்தையில்தான்.

போன பருவத்தில் திருத்திய ஒரு தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘ஒன்றின் கீழ் எக்ஸ்’ (1/x) என்ற சார்பின் வகைக்கெழுவை, அதாவது அது மாறும் வீதத்தை, வரையறையிலிருந்து காண்க என்பது கேள்வி. மாணவர் வரையறையைச் சரியாக எழுதியிருந்தார். எல்லைக் குறியைக்கூட மறக்கவில்லை. அடுத்த வரியில், ஒன்றின் கீழ் ‘எக்ஸ் கூட்டல் ஹெச்’ (ஹெச் என்பது எக்ஸில் வரும் சிறு மாற்றம்) என்பதை ஒன்றின் கீழ் எக்ஸ், ஒன்றின் கீழ் ஹெச் என்று இரண்டாகப் பிரித்துக் கூட்டிவிட்டார். அதற்குப் பிறகு ஹெச் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க விடை கட்டுக்கடங்காமல் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஏதோ தப்பு என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. இரண்டு வரியை அடித்துவிட்டு, மனப்பாடமாக இருந்த சரியான விடையைக் கடைசியில் எழுதிவைத்திருந்தார். பத்துக்கு 3 போட்டேன். அவர் இழந்த 7 மார்க்கில் நுண்கணிதத்துக்காகப் போனது ஒன்றுகூட இல்லை.

அவரே பிறகு சந்தேகம் கேட்க வந்தார். எக்ஸுக்கும் ஹெச்சுக்கும் பதிலாக 3-ஐயும் 4-ஐயும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 1/7 எங்கே, 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி வரும் 7/12 எங்கே! கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். அப்புறம், “சார், இதெல்லாம் கைவசம் இருக்கணும்னு முதல் நாளே சொல்லியிருந்தா உட்கார்ந்து பழகியிருப்பேனே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையில் நாம் சொல்லவில்லைதான்.

அதனால் என் முதல் கோரிக்கை இது. ‘போதிய தேர்ச்சி’ என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பத்து கணக்குகளை அச்சடியுங்கள். பின்னங்களைக் கூட்டுவது, வர்க்கமூலத்துக்குள் இருக்கும் கூட்டலைப் பிரிக்கக் கூடாது என்பது (9-உம் 16-உம் கூட்டி மூலம் எடுத்தால் 5, தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 7), மடக்கை (லாக்) விதிகள், சைன் கொசைன் மதிப்புகள், ஒரு சார்புக்குள் இன்னொன்றைப் போடுவது. இந்தப் பத்தையும் புத்தகம் பார்க்காமல் அரை மணி நேரத்தில் போட முடியவில்லை என்றால் முதல் இரண்டு வாரம் இவற்றில் உழையுங்கள், இன்னின்ன நேரத்தில் வந்தால் சொல்லித்தருகிறோம் என்று எழுதுங்கள். இதற்கு மார்க் வேண்டாம். மார்க் என்றதும் மாணவர்கள் தெரிந்ததை மட்டும் காட்டுவார்கள், தெரியாததை மறைத்துவிடுவார்கள்.

அடுத்தது ஸ்டெப் மார்க். ‘படிகளைக் காட்ட வேண்டும்’ என்று விதித்தாளில் இருக்கிறது. எதைக் காட்டினால் படி? மேலே சொன்ன அதே கேள்விக்கு, வரையறையைத் தொடாமல் விதியைப் போட்டு ஒரே வரியில் சரியான விடை எழுதியவர்களும் உண்டு. நான் பூஜ்ஜியம் போட்டேன், பக்கத்து மேஜைக்காரர் 4 போட்டார். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது, மாணவருக்குத்தான் அது கிடைக்காமல் போய்விட்டது. தொகையீட்டில் விடையோடு சேர்க்க வேண்டிய மாறிலியை (+C) எழுத மறப்பதும் இப்படித்தான். ஒரே தாளில் ஐந்து கணக்கில் மறந்தால் ஐந்து மார்க் போகிறது. தெரியாத விஷயம் ஒன்றுதானே? ஒரு தாளுக்கு ஒருமுறை கழித்தால் போதும் என்பது என் எண்ணம். அப்படி வேண்டாம், ஐந்துமுறையும் கழியுங்கள் என்றாலும் சரி, அதை எழுதிவையுங்கள். ஒரே கேள்விக்குத் திருத்திய இரண்டு விடைகளை, ஒன்று 10 வாங்கியது, இன்னொன்று 5 வாங்கியது, ஏன் என்ற குறிப்போடு முதல் வாரமே கொடுத்தால் நான்கு பக்க விதியைவிட அது அதிகம் பேசும்.

தவறைத் திருத்திக்கொள்ள வழியே இல்லாததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கு வகைக்கெழு கேட்டால், இரண்டின் வகைக்கெழுக்களையும் தனித்தனியே கண்டு பெருக்கிவிடும் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் வருவார்கள். சிரிக்க வேண்டாம். 1675 நவம்பரில், நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் தன் கையெழுத்துக் குறிப்பில் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்: பெருக்கலின் வகையீடு (மிகச் சிறிய மாற்றம்), வகையீடுகளின் பெருக்கல்தானா? எடுத்துக்காட்டு போட்டுப் பார்த்து, இல்லை என்று கண்டார். சரியான விதியும் அதே மாதக் குறிப்புகளிலேயே இருக்கிறது. வகையிடல் முறையை அவர் அச்சில் வெளியிட்டது 1684-இல். யோசித்துப் பார்க்கவும் திருத்தவும் அவருக்கு நாள் கிடைத்தது. நம் மாணவருக்கு மிட்டெர்மில் கிடைப்பது 50 நிமிடம், அதோடு கதை முடிந்தது.

அந்தத் தவறோடு வருபவர்களிடம் நான் ஒரு செவ்வகம் வரையச் சொல்வேன். நீளம் 20, அகலம் 10, பரப்பு 200. இரண்டோடும் ஒன்று கூட்டினால் 21-ஐ 11-ஆல் பெருக்கி 231. கூடுதல் 31. அந்த 31 எங்கிருந்து வந்தது என்று அவர்களே கோடு போட்டுப் பார்ப்பார்கள்: ஒரு பக்கம் 20 கொண்ட பட்டை, இன்னொரு பக்கம் 10 கொண்ட பட்டை, மூலையில் 1 கொண்ட குட்டிச் சதுரம். வகைக்கெழுக்களைப் பெருக்குவது இந்த இரண்டு கூடுதல்களைப் பெருக்குவது போலத்தான். அப்படிப் பெருக்கியவர் எண்ணியது அந்த மூலைச் சதுரத்தை மட்டும்தான். இது புரிந்த பிறகு அந்தத் தவறோடு திரும்பி வந்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதற்குள் மார்க் போயிருக்கும்.

சில பல்கலைக்கழகங்களில் கேட்வே டெஸ்ட் என்று ஒன்று உண்டு. வகையிடும் விதிகளில் மட்டும் பத்துக் கேள்வி. ஏறக்குறைய எல்லாமே சரியாக இருந்தால்தான் தேர்ச்சி, ஆனால் குறித்த தேதிக்குள் மறுபடி மறுபடி எழுதலாம். கண்டிப்பும் இருக்கிறது, கருணையும் இருக்கிறது. திருத்தும் வேலை கூடும், தெரியும். அந்த வேலை என் தலையில்தான் விழும், பரவாயில்லை.

கூட்டாகப் படிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ‘அசைன்மென்ட் முழுக்கச் சொந்த முயற்சியாக இருக்க வேண்டும்’ என்கிறது விதி. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மேன் என்பவர் முதலாண்டு நுண்கணித மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தவர். நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். தடுமாறிய கறுப்பின மாணவர்களோ கடுமையாக உழைத்தும் தனித்தனியாகவே படித்தார்கள். அதைப் பார்த்த பிறகு, கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பயிலரங்குகளை அவர் தொடங்கினார். நம் விதியோ தனியாகப் படி என்கிறது. போதாக்குறைக்கு வகுப்பில் மற்றவரோடு ஒப்பிட்டு கிரேடு. பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் என் கிரேடு இறங்கும் என்றால் எவன் சொல்லிக்கொடுப்பான்? சேர்ந்து யோசிக்கலாம், எழுதுவது மட்டும் தனியாக என்று மாற்றுங்கள். கிரேடுக்கான மார்க் எல்லைகளையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

போனில் படம் எடுத்தால் படிப்படியாகக் கணக்குப் போட்டுத்தரும் செயலிகளைத் தடை செய்யும் பத்தி ஒன்று இந்த முறை புதிதாக வந்திருக்கிறது. யார் அவற்றைப் பயன்படுத்தினார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அசைன்மென்டுக்கு இருக்கும் 20 சதவீதத்தை 5 ஆக்கிவிட்டு, கொடுத்த கணக்குகளில் ஒன்றைக் கரும்பலகையில் ஐந்து நிமிடம் போட்டு விளக்கச் சொன்னால் தடையே தேவைப்படாது.

பத்து கணக்குகளின் பட்டியலை நான் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறேன். ஆறு வருடத் தாள்களில் அடிக்கடி கண்ட தவறுகளிலிருந்து எடுத்தது, ஒரே பக்கம்தான். அடுத்த பருவத்து விதித்தாள் அச்சுக்குப் போகும் முன் சொன்னால் கொண்டுவந்து தருகிறேன். இடம் போதவில்லை என்றால் தேர்வு அறையில் போன் ஒலிப்பது பற்றிய பத்தி மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, அதில் இரண்டை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் விடைத்தாள்களைத் திருத்தும் ஒருவன்