சாங்கிக் கடற்கரைக்கு வாளி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு நாள், விடியும் முன்பே சாங்கிக் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஆண்டின் நடுப்பகுதியில் இங்கே கடல் நன்றாக வற்றுவது அதிகாலையில்தான். மற்ற நேரத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடத்தில், ஒன்றிரண்டு மணி நேரத்துக்குக் கடற்புல் தரை வெளியே தெரியும். அதைப் பார்க்கத்தான் போனேன். அங்கே என் கண்ணில் முதலில் பட்டது ஏழெட்டு வாளிகள்.

எட்டு மணி வாக்கில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லோரும் கிளம்பினார்கள். ஒரு வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நம் தமிழ்க் குடும்பம்தான்; பையனுக்கு ஆறு வயது இருக்கும். சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் நாலு விரற்கடைத் தண்ணீர். அதற்குள் இரண்டு நட்சத்திர மீன், ஐந்தாறு நத்தை, எலுமிச்சை அளவில் இளஞ்சிவப்பாக உருண்டு கிடந்த ஒரு கடல் அட்டை, ஒரு கால் முறிந்த நண்டு. நண்டு மற்றவற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு வாளியின் பக்கவாட்டில் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டது.

“ஆன்ட்டி, இது என்ன பூச்சி?” என்று பையன் கடல் அட்டையைக் காட்டிக் கேட்டான்.

“வீட்ல கொஞ்ச நேரம் வச்சுப் பாத்துட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து விட்ருவோம்க்கா” என்றார் அவன் அம்மா.

அவர் மனதாரத்தான் சொன்னார். எனக்குத் தெரியும், ஏனென்றால் இருபது வருடங்களுக்கு மேல் முன்பு நானும் இதையேதான் செய்தேன். மகள் அழுதாள் என்று ஒரு நட்சத்திர மீனை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவு பார்த்தபோது கைகள் துவண்டு கிடந்தது. காலையில் நாற்றம். ஏன் செத்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நட்சத்திர மீனுக்கு நம்மைப்போல் ரத்த ஓட்டம் கிடையாது. கடல்நீரையே உடம்புக்குள் வாங்கி, அந்த நீரின் அழுத்தத்தில்தான் அடியில் உள்ள நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களை நீட்டி நடக்கிறது. மூச்சும் தோல் வழியாக அதே நீரில்தான். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் உயிர்வாயு குறையும். டப்பாவுக்குள் அது மணிக்கணக்கில் மூச்சுத் திணறியிருக்கிறது. நான் பக்கத்து அறையில் தூங்கியிருக்கிறேன்.

சிங்கப்பூர்க் கடலில் என்ன இருக்கிறது, கப்பல்தானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நீர் கலங்கலாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் உலகில் உள்ள கல் பவளங்கள் எண்ணூற்றுச் சொச்ச வகை என்றால், நம் கடலில் மட்டும் ஏறத்தாழ 250 வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். கடற்புல் மட்டும் 12 வகை. கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் பவளப்பாறைகளில் பாதிக்கும் மேல் போன பிறகும் நிலைமை இது. சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் நடுவில் இருக்கும் சைரீன் திட்டில்கூட, தட்டளவு நட்சத்திர மீன்கள் கடற்புல்லுக்கு மேல் பரவிக் கிடக்கின்றன.

எடுத்து எடுத்தே ஒரு உயிர் தீர்ந்துபோகும் என்பதற்கும் நம் கடலிலேயே சான்று இருக்கிறது. நெப்டியூன் கிண்ணம் என்று ஒரு கடற்பஞ்சு. ஒயின் கோப்பை வடிவில் ஒரு மீட்டர் உயரம்வரை வளரும். 1820களில் அதை அறிவியல் உலகம் முதன்முதலில் அறிந்தது சிங்கப்பூர்க் கடலிலிருந்துதான். அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் என்று அள்ளினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியாகக்கூடப் பயன்படுத்தினார்கள். அப்புறம் நூறு வருடங்களுக்கு மேல் இங்கே உயிரோடு ஒன்றுகூட யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேபோயிற்று என்று எழுதிவிட்டார்கள். 2011ல் செயிண்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் முக்குளித்தவர்கள் சின்னதாக ஒன்றைக் கண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

தூண்டில் போட்டு மீன் பிடித்து வீட்டில் குழம்பு வைப்பவரை நான் குறை சொல்லவில்லை. அவர் எதற்காக எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். வாளியில் போவதோ சாப்பாட்டுக்கும் இல்லை, வளர்ப்புக்கும் இல்லை. ஒருவர் இரண்டுதானே எடுக்கிறார் என்றால், விடுமுறையில் அங்கே வரும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு லட்சம் பவளங்களை நட்டு வளர்ப்பது என்று 2024 டிசம்பரில் பணியைத் தொடங்கியிருக்கிறது நம் நாடு. இன்னொரு பக்கம் நாம் வாளியோடு நிற்கிறோம்.

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பையன் ‘பூச்சி’ என்று சொன்னது அன்று முழுக்க மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. அவன் மேல் தப்பில்லை. யாரும் அவனுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்ததில்லை. தமிழில் பெயருக்குப் பஞ்சமா? என் அப்பா மல்லிப்பட்டினத்துக்காரர். இங்கே வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினாலும் பேச்செல்லாம் கடல்தான். ஜெல்லி மீனை அவர் ‘சொறி’ என்பார்; பெயரைக் கேட்டாலே தொடக்கூடாது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆமை என்று பொதுவாகச் சொல்லவே மாட்டார். பேராமை வேறு, அழுங்காமை வேறு. நம் ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கும் செந்தோசாவுக்கும் முட்டையிட வருவது அந்த அழுங்காமைதான்.

கடற்பசுவை அவர் ஊரில் ஆவுளியா என்பார்கள். பெரும்பாலும் கடற்புல்லையே மேய்ந்து வாழும் சாது. அதற்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாட்டு அரசு 2022ல் காப்பகமாக அறிவித்தது. அதே ஆவுளியா இங்கே புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரைக்கும் வந்து போகிறது. ஆளை நான் பார்த்ததில்லை, மேய்ந்த தடத்தைப் பார்த்திருக்கிறேன். பச்சைப் புல்வெளியில் ஒரு சாண் அகலத்துக்குப் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போயிருந்தது; வளைந்து வளைந்து வெறும் மணலாக ஒரு பாதை. அப்பா இருந்திருந்தால் ஊர் போய்ச் சேர்ந்ததுபோல் மகிழ்ந்திருப்பார்.

அந்த செக் ஜாவாவும் 2001ல் மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது. கடலைத் தூர்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மக்கள் சாங்கி முனையிலிருந்து படகேறிக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். மகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தொண்டூழியர்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. இன்று மரப்பாலத்தில் நடந்து எவரும் பார்க்கலாம்.

அன்று சாங்கியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். “தம்பி, இது பூச்சி இல்ல, கடல் அட்டை. மணல்ல இருக்கிற அழுக்கத் தின்னு சுத்தமாக்குறது கடல் அட்டைல பல வகையோட வேலை” என்றேன். அவன் நாலைந்து தடவை “கடல் அட்டை, கடல் அட்டை” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு மூன்று பேருமாகக் கணுக்கால் தண்ணீர்வரை போய் வாளியைச் சாய்த்தோம். நண்டு ஓடியே போய்விட்டது. ஒரு நட்சத்திர மீன் மெல்ல மணலுக்குள் இறங்கியது. இன்னொன்று அசையவில்லை. அலை வந்து இரண்டு தடவை புரட்டியும் அசையவில்லை. பையன் அம்மாவைப் பார்த்தான்.

நான் சேர்ந்துபோன கடற்கரை நடைகளில் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஒரு நடை நடத்த யாராவது முன்வந்தால், பெயர் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு கடல் உயிரின் படத்தையும் தமிழ்ப் பெயரையும் போடுங்கள். பக்கத்திலேயே அந்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்குக் கடல் நன்றாக வற்றும் என்று ஒரு வரி போதும். கெளுத்தி முள் குத்தாமல் இருக்க மூடிய காலணி போட்டு வரச் சொல்லுங்கள். வாளி கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

ஆண்டிறுதி விடுமுறையில் கடல் மாலையில் வற்றும். சிறு பிள்ளைகளை எழுப்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. அதற்கு முன் தொடங்க முடிந்தால் நல்லது. முதல் வாரத்துக்குக் கடல் அட்டையையே போடுங்கள்.

அன்புடன்,
தெம்பனிஸ் வாசகி