நௌகாம் சுவரொட்டியும் எல்லை தாண்டிய ஏவுகணையும்

உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் தற்கொலைக் கார்குண்டுத் தாக்குதலில் உயிரிழந்த 40 சிஆர்பிஎஃப் வீரர்களில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருவர் அரியலூர். பன்னிரண்டு நாளில் பாகிஸ்தானின் பாலகோட்டில் நம் விமானப்படையின் குண்டு விழுந்தது. எங்கள் தெருமுனை டீக்கடையில் அன்று லட்டு கொடுத்தார்கள். "இனி வாலாட்ட மாட்டானுங்க" என்றார் கடைக்காரர். லட்டைத் தின்றபடி நானும் தலையாட்டினேன்.

வாலாட்டினார்கள். 2024 ஜூனில் ஜம்முவின் ரியாசியில் யாத்ரீகர்கள் வந்த பேருந்தைச் சுட்டார்கள், 9 பேர் போனார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர். மே 7 அதிகாலை, சிந்தூர் நடவடிக்கை என்ற பெயரில், எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களைத் தாக்கினோம். பதிலுக்கு வந்த ஷெல்கள் எல்லையோரப் பூஞ்ச் மக்களின் வீடுகளில் விழுந்தன. பைசரனில் சுட்ட மூவரோ ஜூலை 28 வரை உயிரோடு இருந்தார்கள், அதுவும் ஸ்ரீநகரை ஒட்டிய டச்சிகாம் காட்டில். அவர்களிடம் கிடைத்த துப்பாக்கிகளைச் சண்டிகர் ஆய்வகத்தில் சுட்டுப் பார்த்து, புல்வெளியில் பொறுக்கிய தோட்டாக் கூடுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் அவர்கள்தான் என்று உறுதியானது.

திருப்பி அடிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்திருக்கும் பாகிஸ்தான் தளபதிக்கு அது ஒரு கணக்கைப் புரியவைக்கலாம். ஆனால் சாகத் துணிந்து காரில் ஏறுகிறவனை அது எப்படித் தடுக்கும்? 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரை ஓட்டியவர் புல்வாமாவைச் சேர்ந்த மருத்துவர் என்கிறது விசாரணை. சிந்தூர் நடவடிக்கை முடிந்து அப்போது ஆறு மாதம்தான்.

அந்தச் சதியில் பெரும்பகுதி எப்படிப் பிடிபட்டது என்பதைப் பாருங்கள். அக்டோபரில் ஸ்ரீநகரின் நௌகாமில் ஜெய்ஷ்-இ-முகமது பயங்கரவாத அமைப்பின் பெயரில் சில சுவரொட்டிகள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். உள்ளூர் போலீஸ் அப்படிச் செய்யவில்லை. சிசிடிவி பதிவுகளைப் பார்த்து ஒட்டியவர்களைப் பிடித்தது. அவர்கள் வழியே ஒரு மதபோதகர், அவர் வழியே மருத்துவர்கள், கடைசியில் டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத்தில் சுமார் 2,900 கிலோ வெடிபொருள். இதற்கு யாரும் லட்டு கொடுக்கவில்லை.

அந்த வெடிபொருளை நௌகாம் காவல் நிலையத்துக்கே கொண்டுவந்து வைத்தார்கள். நவம்பர் 14 இரவு மாதிரி எடுக்கும்போது அது வெடித்து 9 பேர் இறந்தார்கள். மாதிரிப் பைகளைத் தைத்துக் கொடுக்க வந்த தையல்காரரும் அதில் ஒருவர்.

உங்கள் குழு அடுத்துக் கூடும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். பைசரனில் அன்று ஏன் பாதுகாப்புக்கு ஒருவர்கூட இல்லை? பாதுகாப்புக் குறைபாடுதான் என்று ஜம்மு காஷ்மீரின் அன்றைய துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹாவே ஒப்புக்கொண்ட பிறகு, அதற்காக யார்மீது என்ன நடவடிக்கை? அடுத்தது, குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு காவல் நிலையத்தில் அவ்வளவு வெடிபொருளை வைக்கச் சொன்னது யார்? பதில்களை அறிக்கையாக அவையில் வையுங்கள்.

இப்படிக்கு,
வாக்காளன் ஒருவன்