மல்லாந்து ஈனும் பசுவைப் பார்த்ததுண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பேறுகாலச் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. வளைகாப்பு வளையல் விளம்பரமும் நன்றாக இருந்தது. நடுவில் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "நின்றும் குந்தியும் பிள்ளை பெறுவது விலங்குகளின் வழி, படுத்துப் பெறுவதே பாதுகாப்பு." அதற்குப் பிறகு அடுத்த பக்கம் புரட்ட மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் நாற்பது வருடம் மாடு இருந்தது. நின்றும் ஈனும், ஒருக்களித்துப் படுத்தும் ஈனும். மல்லாந்து கிடந்து காலைத் தூக்கிக்கொண்டு கன்று போட்ட பசுவை நான் பார்த்ததில்லை. தாங்கள் பார்த்திருந்தால் படம் பிடித்து அட்டையில் போடுங்கள், விற்பனை கூடும்.

நான் 34 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தருமபுரிப் பக்கம், மலையடிவாரம். வேலைக்குச் சேர்ந்தது 1983-இல். அப்போதெல்லாம் முக்கால்வாசிப் பிரசவம் வீட்டில்தான். பையைத் தூக்கிக்கொண்டு நடந்துபோக வேண்டும். முதன்முதலில் போன வீட்டில் உத்தரத்திலிருந்து ஒரு தாம்புக் கயிறு தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் அரைக்குந்தலாக நின்றாள், பின்னால் அவள் அத்தை இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தாள். படித்துவிட்டுப் போனவள் இல்லையா நான், கயிற்றை விடச் சொல்லிப் பாயில் படுக்க வைத்தேன். ஊர் மருத்துவச்சிக் கிழவி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "படுக்க வச்சா பிள்ளை மேல ஏறித்தான வெளிய வரணும், பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் முக்க வைத்தேன். தலை தெரிவதும் உள்ளே போவதுமாக இருந்தது. அடுத்த வலியில் அந்தப் பெண்ணே என் கையைத் தட்டிவிட்டுப் புரண்டு, முட்டி போட்டு எழுந்து, கயிற்றைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது வலியில் பிள்ளை என் கையில் இருந்தது. மண் தரையில் மண்டியிட்டுக் குனிந்துதான் ஏந்தினேன். பனிக்குடத் தண்ணீரில் என் சேலை இடுப்பு வரை நனைந்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு முட்டி வலித்தது, அவளுக்குச் சுலபமாக இருந்தது. பிறகு துணை சுகாதார நிலையத்துக்குப் பிரசவ மேசை வந்தது. எனக்கு முட்டி வலி போயிற்று. இதுதான் சார், அந்த மேசையின் கதை. நம் வசதிக்குச் செய்துகொண்டதை அவர்கள் பாதுகாப்புக்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் எத்தனையோ பெண்களை "காலைத் தூக்கு, அசையாதே" என்று அதட்டியவள்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கச் சொல்லித் தொடையில் தட்டியவள்தான். அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் கட்டுரையின் முந்தைய பக்கத்திலேயே, மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்கக் கூடாது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். மிகச் சரி. நிறைமாத வயிற்றின் கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும், தாய்க்குத் தலை சுற்றும், குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறையும். அப்புறம் எப்படி, இடுப்பு வலி வந்ததும் அந்த ரத்தக்குழாய் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறதா? குந்தினால் இடுப்பெலும்பு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். மல்லாந்தால் வால் எலும்பு மேசைக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் விலக இடமில்லாமல் போகும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், நிமிர்ந்த நிலைகள் உட்படத் தனக்கு இசைந்த நிலையில் பிள்ளை பெறப் பெண்ணை ஊக்குவிக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் மத்திய அரசு 2017 டிசம்பரில் பிரசவ அறைகளுக்கென்று 'லக்‌ஷ்யா' திட்டம் கொண்டு வந்தது. அதிலும் வசதியான நிலையைத் தாயே தேர்ந்தெடுக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகளை, சுமார் 9000 பெண்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நிமிர்ந்த நிலையில் வெட்டித் தையல் போடுவதும், ஆயுதம் வைத்து எடுப்பதும் குறைகின்றன. ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது, அதையும் மறைக்கவில்லை. அதற்குத்தானே பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கருப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்சிடோசின் ஊசியைத் தொடையில் 10 யூனிட் போடுகிறோம்? வலி தெரியாமல் இருக்க முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கு நிமிர்வதை விட ஒருக்களித்துப் படுப்பதே மேல் என்று இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. அதிலும் 'ஒருக்களித்து' என்றுதான் இருக்கிறது, பாருங்கள். எல்லோரும் கட்டாயம் குந்தத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படுக்கத்தான் வேண்டும் என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

தங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வீட்டுப் பிரசவத்தை ஒழிக்கத்தான் என் பாதி ஆயுள் போயிற்று. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் பிறக்கின்றன என்றால், வெயிலில் நடந்த எங்கள் செருப்புத் தேய்ந்ததும் அதில் சேர்த்தி. ஆனால் எங்கே பெறுவது என்பது வேறு, எப்படிப் பெறுவது என்பது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிட்டீர்கள். பெரு நாட்டில் அயாகுச்சோ மலைப்பகுதியில் கெச்சுவா மொழி பேசும் பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டோம் என்றார்கள். படுக்க வைக்கிறார்கள், துணைக்கு ஆளை விட மாட்டேன் என்கிறார்கள் என்பது குறை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பிரசவ அறையிலேயே கயிறும் முக்காலியும் வைத்து, குடும்பத்தையும் மருத்துவச்சியையும் உள்ளே விட்டார்கள். சான்டில்யானா என்ற இடத்தில் 1999-இல் நூற்றுக்கு 6 பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. 2007-இல் 83. கயிறு அவர்களை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை சார், ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தது.

என் மகள் கதைக்கு வருகிறேன். போன வருடம், ஒரு தனியார் மருத்துவமனை. ஏ.சி. அறை, சுவரில் சிரிக்கும் குழந்தைப் படம். வலி எடுத்ததும் வயிற்றில் பெல்ட், கையில் டிரிப்ஸ். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "படும்மா, உட்கார்ந்தா மெஷின்ல ஹார்ட் பீட் சரியா வராது." மெஷினுக்குச் சரியாக வர வேண்டும் என்று பதினொரு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். நான் வராந்தாவில் ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் திட்டம் வந்துவிட்டது. இங்கே பணம் கட்டி வெளியே உட்கார்ந்தேன். கடைசியில் "புரோகிரஸ் இல்லை" என்று ஆபரேஷன். நடக்க விட்டிருந்தால் தானாகப் பிறந்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். நடந்து பார்க்கவே விடவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். 2019-21 குடும்பநல ஆய்வுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் 64. இந்தக் கணக்கைச் சிறப்புப் பக்கங்களில் எங்கேயும் காணோம். கடைசிப் பக்கத்தில் மூன்று மருத்துவமனை விளம்பரங்களைக் கண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் இருந்தால் நல்லதில்லை. இரண்டு வருடம் முன்பு இதே பத்திரிகையில், குங்குமப்பூப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று வந்தது. அப்போதும் எழுதினேன், நாலு பக்கம். "குங்குமப்பூ பற்றிய தகவல் அருமை" என்று ஒரே வரியாக்கி, நான் சொல்லாததை என் பெயரில் போட்டீர்கள். ஊர்ப் பெயரும் தப்பு. ஓய்வூதியத்தில் சந்தா கட்டுகிறவள், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழ் டாக்டர் பதில்கள் பகுதியில் நாலே வரி போடுங்கள்: வலி வந்தால் நடக்கலாம், உட்காரலாம், சிக்கல் இல்லாத பிரசவத்தில் எந்த நிலையில் பெறுவது என்று டாக்டரிடமும் சிஸ்டரிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தைப் போட்ட அதே கொட்டை எழுத்தில் போட்டால் சந்தோஷம். சின்ன எழுத்தானாலும் சரி.

இந்தக் கடிதம் நீளம்தான், தெரியும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குங்குமப்பூவை வெட்டிக்கொள்ளுங்கள். கயிற்றை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம் (இந்த முறையாவது சரியாகப் போடவும்)