பிளாஸ்ரிக் மணிகளைச் சோதிக்க வன்னியில் ஓரிடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தனில் சிறிய மீள்சுழற்சிப் பட்டறை ஒன்றை நடத்துகிறேன். உடைந்த வாளி, கதிரை, பழைய பொலித்தீன் குழாய் எல்லாவற்றையும் தரம்பிரித்து, அரைத்து, உருக்கி மணியாக்கிக் கொடுக்கிறோம். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, இதின்ர மெல்ட் ஃபுளோ எவ்வளவு?" என்றுதான். உருகிய பிளாஸ்ரிக் எவ்வளவு இலகுவாகப் பாயும் என்பதைக் காட்டும் எண் அது. அதை அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை.

அந்தக் கருவி மேசையில் வைக்கக்கூடியதுதான். சூடேற்றிய உருளைக்குள் சில கிராம் மணியைப் போட்டு மேலே எடை வைத்தால், அடியிலுள்ள 2.095 மில்லிமீற்றர் துளையால் உருகல் நூலாக இறங்கும். 10 நிமிடத்துக்கு எத்தனை கிராம் என்பதே அந்த எண். பொலித்தீனுக்கு வழக்கமாக 190 பாகை செல்சியசும் 2.16 கிலோவும், பொலிபுரொப்பிலீனுக்கு 230 பாகை, அதே எடை. குழாய்க்கான பொலித்தீன் மெதுவாகவே பாயும் என்பதால் 5 கிலோ வைப்பார்கள். எந்த வெப்பம், எந்த எடை என்று சொல்லாத எண்ணால் பயனில்லை.

பொலிபுரொப்பிலீனை உருக்க உருக்க அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து எண் ஏறும். பொலித்தீனிலோ சில வேளை சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து எண் இறங்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்பு மணிதான். எண் கூடியது வாளி அச்சில் நன்றாக ஓடும். அதையே குழாயாக இழுத்தால் சுவர் ஒரே தடிப்பாக நிற்காது, அழுத்தம் தாங்காது. நட்டம் மிளகாய்த் தோட்டக்காரனுக்கு. மோட்டரைப் போட்டபின் குழாய் வெடித்து, பாத்திக்குப் போகவேண்டிய தண்ணீர் வரம்பில் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதும் தெரியும். வார்ப்பு இயந்திரத்தில் உருகல் இதைவிடப் பன்மடங்கு வேகத்தில் ஓடுகிறது. அதை அறிய நுண்துளைப் பாகுமானி வேண்டும், அது விலைகூடிய கருவி. எங்கள் அன்றாடத் தேவைக்கு முதலில் சொன்ன மேசைக் கருவியே போதும்.

அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் மாகாணத் தொழிற்துறைத் திணைக்களமும் சேர்ந்து, சிறு பட்டறைகள் கட்டணம் கட்டிச் சோதிக்க ஒரு கூடம் திறக்க வேண்டும். கருவியோடு பயிற்சி பெற்ற ஒருவரும் வேண்டும். சோதனை முடிந்த சூட்டோடே உருளையைத் துடைக்காவிட்டால், துளையின் தேய்வை மானி கொண்டு பார்க்காவிட்டால், அடுத்த எண் பிழைத்துவிடும். தெரியாமல் பி.வி.சி. துண்டுகளைப் போட்டால் அமில வாயு கிளம்பி உருளையையே அரித்துவிடும்.

கட்டணம் கட்ட நாங்கள் ஆயத்தம். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி கொண்டுவந்து, பெறுபேற்றைச் சாக்கில் ஒட்டியே விற்போம்.

பிளாஸ்ரிக் மீள்சுழற்சிப் பட்டறையாளர்,
பரந்தன்.