ஹைப்பர்போலி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதுகுவலியில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அவள் கேட்டிருந்த 'hyperbole' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி, அதாவது வேண்டுமென்றே மிகைப்படுத்திச் சொல்லும் அணியைப் பற்றி, இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் உச்சரிப்பு. எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'ஹைப்பர்போல்' என்றுதான் வாயில் வரும். நானும் பல வருஷம் அப்படித்தான் படித்தேன். 'ஹைப்பர்போலி' என்பதே சரி. அழுத்தம் 'பர்' மேல் விழ வேண்டும். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அப்பால் எறிவது என்று பொருள். கணக்கில் படித்தோமே ஹைப்பர்போலா, அதுவும் இதே சொல்தான். ஒரு பரப்பு இன்னொன்றை மிஞ்சுவதை வைத்துப் பழைய கிரேக்கக் கணித அறிஞர் அப்பல்லோனியஸ் அந்த வளைவுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். அந்தப் பரப்பு குறைந்துபோகும் வளைவு எலிப்ஸ், அதாவது நீள்வட்டம். ஹைப்பர்போலிக் என்ற பெயரடை இரண்டு துறைக்கும் பொது என்பதால், எங்கே படிக்கிறோம் என்று பார்த்துத்தான் பொருள்கொள்ள வேண்டும்.

நம் இலக்கணத்தில் இது உயர்வு நவிற்சி. தண்டியலங்காரம் அதிசய அணி என்கிறது. மிகைப்படுத்துவது எல்லாமே ஹைப்பர்போலி ஆகிவிடாது என்பதை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு வருஷ அனுபவத்தை நான்கு என்று எழுதினால் அது பொய். 'உன்னிடம் கோடித் தடவை சொல்லிவிட்டேன்' என்றால், கோடி இல்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கேட்பவர் நிஜமென்று நம்பிவிட்டால் அந்த அணியே உடைந்துபோகிறது.

இதை நான் அனுபவித்தேன். மருத்துவரிடம் "வலியில் உயிர் போகிறது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்றார். யோசித்துப் பார்த்து ஆறு என்றேன். அவருக்குத் தேவைப்பட்டது அந்த ஆறுதான். நான் சொன்ன உயிரை வைத்து அவர் மருந்து எழுத முடியாது.

அதனால்தான் 'லிட்டரலி' படும் பாடு எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள் என்பதற்காக இருந்த சொல் அது. இப்போது 'லிட்டரலி செத்துவிட்டேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அகராதிகளும் அந்தப் பொருளைச் சேர்த்துவிட்டன. சரி, பேச்சில் எதுவும் மாறும். ஆனால் நிஜமாகவே நடந்ததைச் சொல்ல ஒரு சொல்லையாவது விட்டுவைத்திருக்கலாம்.

அவள் எழுதும்போது 'வித்தவுட் ஹைப்பர்போலி' (மிகையில்லாமல் சொன்னால்) என்று தொடங்கினால், அடுத்து வருவது அளந்து சொன்னதாக இருக்கட்டும். அந்தத் தொடருக்குப் பின்னாலும் மிகையாக எழுதுபவர்கள் நிறைய.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? எனக்கு இப்போது இரண்டு.

அன்புடன்,
உன் நண்பன்