பரம்பரை என்று எழுதிக்கொண்டதோடு சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவயது மாரடைப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். ‘பரம்பரை’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது. கூலி, வேலை நேரம் என்ற பேச்சே இல்லை. அந்தக் குறை என்னை எழுத வைத்தது.

எங்கள் அப்பா 54 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளைகள் நாங்கள் இருவர். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தரானேன். தம்பி காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினான். என் 47 வயதில் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனேன். அன்று தொடங்கிய மாத்திரையை இன்றுவரை விடவில்லை.

தம்பிக்கும் அதே பரிசோதனையை எழுதிக்கொடுத்தார்கள், காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று. மண்டியில் லாரி வந்து நிற்பது விடியற்காலை நான்கு மணிக்கு. காலை போனால் அன்றைய கூலியே போயிற்று. அந்தச் சீட்டு தினசரி காலண்டருக்குப் பின்னால் ஏழு மாதம் செருகிக் கிடந்தது. ஒருநாள் மார்பு இறுக்கிப் பிடித்தபோது, வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிப்போட்ட சோடாவைக் குடித்துவிட்டு அடுத்த மூட்டைக்குத் தோள் கொடுத்திருக்கிறான். அவனுக்கு அப்போது வயது 45.

‘அப்பனுக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிட்டது’ என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். நானும் அதே அப்பாவின் பிள்ளைதான். எனக்கு இப்போது 66. உடன்பிறந்தவர்களுக்குள் மரபணு ஏறத்தாழப் பாதிதான் பொது என்பதும், ஒரு வீட்டுக் கதை சான்றாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் லண்டனில் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களின் இதயநோய் மரணம் உயர் அதிகாரிகளுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை.

மரபணுவும் தனியாக நின்று வேலை செய்வதில்லை. 9-ஆம் குரோமோசோமில் மாரடைப்போடு தொடர்புடைய ஒரு பகுதியை 2007-இல் கண்டுபிடித்தார்கள். பச்சைக் காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் அதன் தாக்கம் தணிந்திருப்பதாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. நாளெல்லாம் காய்கறி சுமந்த என் தம்பி மதியம் சாப்பிட்டது பரோட்டாவும் சால்னாவும். பீடியும் உண்டு, மறைக்கவில்லை.

மருத்துவமனையில் ‘வீட்டில் வேறு யாருக்காவது இதயநோய் உண்டா’ என்று தவறாமல் கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். அதோடு நின்றுவிடுகிறது. 55 வயதுக்குள் ஓர் ஆணுக்கோ 65 வயதுக்குள் ஒரு பெண்ணுக்கோ மாரடைப்பு வந்தால், அந்த வீட்டு உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். பிறவியிலேயே கொழுப்பு மிகும் மரபுக்கோளாறு ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைச் சந்தேகிக்க ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். முதல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை என்று பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. பிறகு ஏன் வேலை முடிகிற நேரத்தில் மண்டி வாசலிலேயே இரத்தம் எடுக்கக் கூடாது?

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எவ்வளவு பெரிய உதவி! கொண்டுவந்து கொடுக்கும் அந்தப் பெண்மணி, ‘இந்த வீட்டில் இளவயதில் நெஞ்சுவலியில் யாராவது இறந்தார்களா’ என்று கேட்டுக் குறித்துப் போகவும், குறித்தவர்களை மறுவாரமே அழைக்கவும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

தம்பி மகனுக்கு இப்போது 24 வயது. பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அவனுக்கும் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். அன்றைய வருமானத்தை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை போகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
கடலூர் முதுநகர்.