கயலைப் பேசவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் இளையோருக்காக வந்துகொண்டிருக்கும் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றி எழுதுகிறேன். நான் மன்னார்குடிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இதழ் வீட்டுக்கு வந்ததும் தெருப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாரும் படித்து முடித்த பிறகுதான் எனக்குக் கிடைக்கும்.

முதல் பாகத்திலேயே கயலை எனக்குப் பிடித்துப்போனது. நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. காவிரி முழுக்க ஒரு கம்பெனியின் கையில். மணிக்கட்டில் பதித்த சில்லைக் காட்டினால்தான் குடிக்கத் தண்ணீர். கல்லணையில் ஷட்டர் பார்க்கும் லஸ்கரின் 16 வயது மகள் கயல், அந்தச் சில்லைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடுகிறாள். பட்டணத்துக்கு ஓடவில்லை. வெண்ணாற்றங்கரையோடு கீழே இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஆறு பிரியும் மூணாறு தலைப்பில் கோரையாற்றைப் பிடித்து, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போய்ச் சேருகிறாள். தண்ணீர் யாருக்குக் கடைசியாக வருகிறதோ அவர்களிடம் போகிறாள். இந்த வழியை யோசித்தவருக்கு எங்கள் ஊர் தெரிந்திருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போவது குறைந்தால் கடல் உள்ளே ஏறிவரும், கிணற்று நீர் உப்பாகும் என்பதைப் பாடப்புத்தகத்தில் நான் சொல்லிக்கொடுத்ததைவிட, கயல் ஒவ்வொரு ஊர்க் குழாயிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொண்டே போகும் அந்த அத்தியாயம் நன்றாகச் சொல்லியது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அவள் தனியாக ஓடியது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றால் முதல் கேள்வி "யாரோட?" என்பதுதான். பதினெட்டு முடியாத பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்ததால் போனாளா, படிப்பை நிறுத்தியதால் போனாளா என்று யாரும் கேட்பதில்லை. யாரோடும் இல்லாமல், தான் நினைத்த ஒன்றுக்காக ஒருத்தி கிளம்பலாம் என்பதையே ஊர் நம்பாது. கயல் அப்படிக் கிளம்பினாள். என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்த பெண்பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேன்.

இப்போது நான்கைந்து வாரமாக என்ன நடக்கிறது? மேலே ஆளில்லா விமானங்கள் சுற்றும் காட்டில் ஒரு பையன் வருகிறான். வரட்டும், நல்ல பையன்தான். ஆனால் அவன் வந்ததிலிருந்து வரைபடம் அவன் கையில், திட்டம் அவன் வாயில். கயல் பின்னால் நடக்கிறாள். போன வாரம் அவன் சொல்கிறான், கல்லணையை வெடி வைத்துத் தகர்த்தால் தண்ணீர் எல்லோருக்கும் வந்துவிடும் என்று. கயல் தலையாட்டுகிறாள்!

அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு லஸ்கர் மகள் இதைக் கேட்டுச் சும்மா இருப்பாளா? கல்லணைக்குப் பக்கத்தில் ஓடும் கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான ஆறு. விட்டால் தண்ணீர் அந்தப் பக்கம்தான் சாயும். அப்படிச் சாயாமல் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் திருப்பிவிடுவதற்குத்தான் அங்கே அணை. 1830களில் ஆர்தர் காட்டன், கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மேலணை கட்டியதும் இதே காரணத்துக்காக. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போனபோது தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்லணையைத் தகர்த்தால் வெள்ளம் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும். முத்துப்பேட்டைக்கு ஒரு சொட்டு வராது. கம்பெனிக்கு எதிராகக் கிளம்பியவர்கள் கடைமடையின் கழுத்தையே அறுத்துவிடுவார்கள்.

கயலுக்கு இது தெரியும். இரண்டாம் பாகத்தில் அப்பாவோடு நின்று ஷட்டர் கியரைச் சுற்றியவள் அவள். எந்த மதகை எத்தனை அடி ஏற்றினால் எந்த ஆற்றுக்கு எவ்வளவு போகும் என்று மனப்பாடமாகச் சொன்னவள். கலகம் அவள் கையிலேயே இருக்கிறதே! தகர்க்க வேண்டாம், ஷட்டரைக் கைப்பற்றினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் மேட்டூரைத் திறந்தால் சாயங்காலம் முத்துப்பேட்டையில் தண்ணீர் என்று ஒரு பாகத்தில் வந்தது. அப்படி வராது. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் கல்லணை திறக்கவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து கடைமடை வந்து சேர இன்னும் பல நாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சாகசக் கதை எழுதுகிறவருக்கு இது புதையல் அல்லவா? தண்ணீர் நடந்து வரும் அந்த நாட்களில் கயலால் ஊர் ஊராகச் செய்தி அனுப்ப முடியும், ஒவ்வொரு தலைப்பிலும் ஆள் நிறுத்த முடியும். கம்பெனியின் விமானத்தால் அவளைத் துரத்த முடியும், ஆற்றை வேகமாக ஓடவைக்க முடியாது.

பெண்பிள்ளை இப்படிப் பேசினால் நம்பும்படி இருக்காது என்று தொடரின் ஆசிரியர் நினைத்திருந்தால், கயல் ஒரு இரவு ஒளிந்திருந்த கோவில்வெண்ணியையே நினைத்துப் பார்க்கட்டும். அந்த வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட்ட சேரன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று பாடியவர் வெண்ணிக்குயத்தியார் என்ற பெண் புலவர். புறநானூற்றில் இருக்கிறது. கல்லணையை யார் பெயரால் சொல்கிறோமோ அவனிடம்தான் அப்படிக் கேட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் மணலூர் மணியம்மை இருக்கிறார். விதவையாகி, தலைமுடியை வெட்டிக்கொண்டு, ஆண்களைப் போல உடுத்திக்கொண்டு, தஞ்சைச் சீமையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியவர். 1953இல் இறந்துபோனார். எந்த ஆண்பிள்ளையும் அவருக்கு வழிகாட்டி முன்னால் நடக்கவில்லை. இந்த ஆற்றங்கரைகளில் கயலுக்கு முன்பே கயல்கள் நடந்திருக்கிறார்கள்.

அதனால் தொடரின் ஆசிரியரிடம் என் சார்பில் ஒன்று கேளுங்கள். அந்தப் பையனைக் கதையை விட்டுத் துரத்த வேண்டாம். வெடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் கிளம்பும்போது கயல் அவனை உட்காரவைத்து, மணலில் கோடு போட்டு, எந்த ஆறு தாழ்வு, எது மேடு என்று விளக்கட்டும். அவனும் கேட்டுக்கொள்ளட்டும். அப்புறம் தலைப்பில் ஷட்டரை ஏற்றப்போவது யார் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.

தொடர் நூலாக வரும்போது, மேட்டூரிலிருந்து கோடியக்கரை வரை ஆறுகளும் தலைப்புகளும் குறித்த ஒரு வரைபடத்தை முதல் பக்கத்தில் சேர்த்தால் நல்லது. பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். நோட்டில் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அதை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி